காலி இடத்துக்கும் பச்சை அடித்தேன்

கேட்டதை மட்டும் கொடுத்துவிட்டு, கேட்காததைப் பற்றி மூச்சே விடாத ஒருவரிடம் நாள் முழுக்கக் கேள்வி கேட்டுக்கொண்டிருப்பதுதான் என் பிழைப்பு. அந்த ஒருவர் மனிதர் இல்லை. அரசாங்கம் பொதுமக்களுக்காகத் திறந்து வைத்திருக்கும் ஒரு தகவல் தளம். பள்ளிக்கூடங்கள், பஸ் நிறுத்தங்கள், மழை அளவு, போர்வெல்கள் என்று அட்டவணை அட்டவணையாக அதில் கிடக்கிறது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், ஆனால் கையை விட்டு அள்ள முடியாது. ஏபிஐ என்று ஒரு ஜன்னல் இருக்கிறது. எந்த அட்டவணை, எந்தத் தாலுகா, எந்த ஆண்டு, எதற்கு மேல், எதற்குக் கீழ் என்று ஃபில்டர் போட்டு ஒரு வரி எழுதி அந்த ஜன்னலில் நீட்ட வேண்டும். காசு கட்டி டோக்கன் வாங்கிச் சாப்பிடும் தர்ஷினி ஓட்டலில், டோக்கனில் இருப்பதுதானே தட்டில் வரும்? இங்கேயும் அப்படித்தான்.

பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் எட்டுப் பேர் மட்டும் வேலை பார்க்கும் சின்னக் கம்பெனி எங்களுடையது. தகவல் வேண்டும் என்று வருகிறவர்களுக்காக அந்த வரியை எழுதி, வந்ததைத் துடைத்து, நிறம் போட்டு, அவர்களுக்குப் புரிகிற மாதிரி ஒரு தாளாக்கிக் கொடுப்போம். என் பெயர் கலா, ஊர் தருமபுரிப் பக்கம். ஐந்து வருஷமாக இதே நாற்காலி. இதே தொழிலில் மாட்டிக்கொண்டிருக்கும் சக பாவிகளே, நீங்கள் சிரிக்கிற மாதிரியான இடங்களும் இதில் உண்டு. கடைசி வரை சிரிப்பீர்கள் என்று என்னால் உத்தரவாதம் தர முடியாது.

பத்தே பத்து

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். அரசுப் பள்ளிகளுக்கு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுக்க நினைத்த ஒரு வியாபாரி, பெங்களூரிலுள்ள அரசு ஆரம்பப் பள்ளிகளின் பட்டியல் கேட்டார். ஊர் பெங்களூர், நிர்வாகம் அரசு, வகை ஆரம்பப் பள்ளி என்று மூன்று ஃபில்டர் போட்டேன். கண் இமைப்பதற்குள் பதில் வந்துவிட்டது. ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தேன். எல்லாமே பெங்களூர், எல்லாமே அரசு, எல்லாமே ஆரம்பப் பள்ளி. ஒரு பிழை இல்லை. பெருமையாக அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

எத்தனை வரி வேண்டும் என்று நாம் சொல்லாவிட்டால் அந்த ஜன்னல் தானாகவே பத்து வரியோடு நிறுத்திக்கொள்ளும் என்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது. மொத்தம் எத்தனை என்று பதிலின் ஓரத்தில் ஓர் எண் இருக்கத்தான் செய்கிறது. அதை யார் பார்த்தது? டீ ஆறுவதற்குள் அவரிடமிருந்து போன் வந்துவிட்டது. கோபமே இல்லாத குரலில் கேட்டார்: "ஏம்மா, இவ்ளோ பெரிய ஊர்ல கவர்ன்மென்ட் ஸ்கூல் பத்தே பத்துதானா? எங்க மொட்டை மாடில நின்னாலே மூணு தெரியுதே!"

எல்லாம் ஓகே

பக்கத்து நாற்காலி மஞ்சுளாவுடையது. தினமும் ஆனேக்கலிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். என்னிடம் தமிழ், போனில் கன்னடம், கம்ப்யூட்டரிடம் இங்கிலீஷ் வசவு. ஒருநாள் அவளுக்கு, ஆனேக்கல் தாலுகாவில் நிழற்குடை உள்ள பஸ் நிறுத்தங்களை எடுத்துத் தரும் வேலை வந்தது. ஃபில்டர் போட்டாள். கோரிக்கை வெற்றி, எல்லாம் ஓகே என்று பதில் வந்தது. பட்டியலில் மட்டும் ஒரு வரிகூட இல்லை. "தினம் நான் நிக்கற நிழற்குடையே இதுல இல்லியே!" என்று அரை நாள் அதோடு மல்லுக்கட்டினாள்.

கடைசியில் ஃபில்டரை எடுத்துவிட்டு மொத்தத்தையும் கொட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அந்தத் தாலுகா முழுவதற்கும் 'நிழற்குடை உண்டா' என்ற கட்டத்தை யாரும் நிரப்பவே இல்லை. உண்டு என்றும் எழுதவில்லை, இல்லை என்றும் எழுதவில்லை. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். பின்னால் எனக்கு வரப்போகிற பாடம் அன்றைக்கே பக்கத்துத் திரையில் இருந்தது, நான்தான் சிரித்துத் தள்ளிவிட்டேன். மஞ்சுளா சிரிக்கவில்லை. "எரர்னு வந்தா சண்டையாவது போடலாம் கலா. எல்லாம் ஓகேன்னு சொல்லிட்டு வெறுங்கைய நீட்டினா யார்கிட்ட போய்ச் சண்டை போடறது, ஹேளு, நீயே சொல்லு?"

செல்வி அக்கா

அடுத்து வந்த ஒரு வேலைக்கு நானே வலியப் போய்க் கையைத் தூக்கினேன். எங்கள் ஆபீஸுக்குப் பக்கத்து ஹெப்பகோடியில் பகல் நேரக் குழந்தைகள் காப்பகங்களுக்கு உதவி செய்யும் ஒரு தொண்டு அமைப்பு. அங்கே தெருவுக்குத் தெரு ஒரு பொது போர்வெல், சுருக்கமாக போர். அதிலிருந்துதான் வீட்டுக் குழாய்களுக்குத் தண்ணீர் போகும். ஒவ்வொரு போருக்கும் ஓர் எண் உண்டு. எந்த எந்த போரில் ஃப்ளோரைடு அளவுக்கு மீறி இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

நான் கை தூக்கியதற்குக் காரணம் என் பல். ஃப்ளோரைடு தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களின் பல்லில் குறுக்கே பழுப்புக் கோடுகள் இருக்கும். எங்கள் ஊரில், என்னோடு சேர்த்து வகுப்பில் பாதிப் பேருக்கு அப்படித்தான். நன்றாகத் தேய்க்க மாட்டீர்களா என்று டீச்சர் திட்டுவார். தேய்த்தால் போகிற கறை இல்லை அது. வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது அப்போது வந்த பழக்கம். காலேஜ் போட்டோ எதிலும் நான் சிரித்திருக்க மாட்டேன். அதனால் இந்த வரியை அவ்வளவு ஆசையாக எழுதினேன். ஃப்ளோரைடு, லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல். பத்தோடு நிற்காமல் முழுசாகக் கேட்டு வாங்கினேன். அமைப்பு கொடுத்த போர் எண்களின் பட்டியலில், பதிலாக வந்தவற்றுக்கெல்லாம் சிவப்பு அடித்தேன். மீதி அத்தனைக்கும் பச்சை.

அந்தத் தாளைக் காப்பகம் நடத்துகிறவர்களுக்கு விளக்கிச் சொல்ல ஹெப்பகோடியில் ஒரு கூட்டம். தமிழில் பேச ஆள் வேண்டும் என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். அங்கேதான் செல்வி அக்காவைப் பார்த்தேன். கன்டோன்மென்ட் பக்கம் பிறந்து வளர்ந்தவர். ஆலைகளுக்கும் கார்மென்ட்ஸுக்கும் வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகள் இருபது பேரை ஒரு வீட்டு மாடியில் வைத்துப் பார்த்துக்கொள்கிறார். குழாய்த் தண்ணீரை நம்பாமல் குழந்தைகளுக்குக் கேன் தண்ணீர்தான் கொடுத்து வந்தார். கேன் போடுகிறவர் கீழேயே வைத்துவிட்டுப் போய்விடுவார். மாடிக்குத் தூக்கித் தூக்கி, தன் தலையைத் தானே சீவிக்கொள்ள முடியாத அளவுக்கு அக்காவுக்குத் தோள் வலி. தெரு போரின் எண்ணை உள்ளங்கையில் பால்பாயின்ட் பேனாவால் எழுதிக்கொண்டு வந்திருந்தார். தேடிப் பார்த்தேன். பச்சை. சிவப்பில் இல்லை அக்கா என்றேன். கையை மூடிக்கொண்டு சொன்னார்: "அப்ப நாளைலேர்ந்து கேனு வாணாம். இந்தத் தோள வச்சிக்கினு இனிமே ஒண்ணும் தூக்க முடியாதும்மா. நீ நல்லா இருப்ப!"

மேலே வந்து நின்றவை

மூன்று மாதம் கழித்து அதே அமைப்பு ஒரு சின்னச் சேர்க்கை கேட்டது. ஒவ்வொரு போரையும் கடைசியாகச் சோதித்த தேதி வேண்டுமாம். அரை மணி நேர வேலை. இந்த முறை ஒன்றரைக்கு மேல் என்ற ஃபில்டர் தேவைப்படவில்லை. எல்லாவற்றையும் எடுத்துத் தேதி வாரியாக அடுக்கினேன். எங்கள் அட்டவணையில் அப்படி அடுக்கினால், தேதியே இல்லாதவை மேலே வந்து நிற்கும். நின்றன. ஒன்று, இரண்டு, பத்து என்று கீழே தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தன. தேதிக் கட்டம் காலி, ஃப்ளோரைடு கட்டமும் காலி. அதில் ஓர் எண்ணை எனக்குத் தெரியும். ஓர் உள்ளங்கையில் அதைப் பார்த்திருக்கிறேன்.

யாரும் சோதிக்கவே இல்லாத போர் அது. ஒன்றரைக்கு மேல் எது என்று நான் கேட்டேன். காலிக் கட்டம் ஒன்றரைக்கு மேல் இல்லை, அதனால் வரவில்லை. ஒன்றரைக்குக் கீழ் எது என்று கேட்டிருந்தாலும் வந்திருக்காது. இரண்டு பக்கமும் சேராத அதைப் பச்சையில் சேர்த்தது தளம் இல்லை, நான். மஞ்சுளா என் முகத்தைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், தன் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினாள். அதைக் குடிக்க எனக்குக் கை வரவில்லை.

எங்கள் முதலாளி பாஸ்கர் சாரிடம் போனேன். அல்சூர்க்காரர், கெட்டவர் இல்லை. அமைப்பு முதலில் அனுப்பிய மெயிலைத் தேடி எடுத்து, அளவுக்கு மீறிய போர்கள் என்ற வார்த்தைகளின் மேல் விரலை வைத்துக் காட்டினார். "அவங்க கேட்டது மோசமான தண்ணி லிஸ்ட்டு. அத கரெக்டா குடுத்துட்டோம். கேக்காத கேள்விக்கு நாம எதுக்கும்மா பதில் சொல்லணும்?"

மாடிப்படி

சனிக்கிழமை மதியம் நானே ஹெப்பகோடிக்குப் பஸ் ஏறினேன். போனில் சொல்லியிருக்கலாம்தான். மனசு கேட்கவில்லை. படியேறி உள்ளே போனதும் செல்வி அக்காவுக்கு முகமெல்லாம் சந்தோஷம். வலது கையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். "பாரு, இப்ப நானே சீவிக்கிறேன்!" பின்னலில் பூ வேறு. குழந்தைகள் சாப்பிட்டு முடித்து வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு சில்வர் டம்ளர். "சும்மா இல்ல, காய்ச்சி ஆறவச்சுதான் குடுக்கறேன்" என்றார் பெருமையாக. காய்ச்சினால் கிருமி சாகும். ஃப்ளோரைடு எங்கேயும் போகாது.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள் போரை யாரும் சோதிக்கவில்லை, எனக்கு அது தெரியவில்லை, பச்சை அடித்தது என் தப்பு. அக்காவுக்கு முதலில் புரியவில்லை. அந்த ஃப்ளோரைடு இருந்தா இன்னா ஆவும் என்று கேட்டார். வாயைத் திறந்து என் பல்லைக் காட்டினேன். நானாக யாருக்கும் அதைக் காட்டியதில்லை. அக்கா கிட்டே வந்து, மேல் வரிசை கீழ் வரிசை இரண்டையும் பார்த்தார். பிறகு திரும்பிப் போய் ஒவ்வொரு குழந்தையின் கையிலிருந்தும் டம்ளரை வாங்கி, மிச்சமிருந்த தண்ணீரை ஒரு பக்கெட்டில் ஊற்றினார். ஒரு பெண் குழந்தை தர மாட்டேன் என்று அழுதது. அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டுதான் என்னைப் பார்த்துப் பேசினார். "பாத்து, நல்லாருக்குன்னா பச்ச. சரி. பாக்கவே இல்லன்னாலும் பச்சையா? ஸ்கூலுக்குப் போன புள்ள ஊட்டுக்கு வந்துச்சா வரலியான்னு பாக்காம நீ கதவ சாத்திக்குவியா?"

இரண்டுக்கு மேல்

செல்வி அக்கா கேட்டுக்கொண்டதால், திங்கட்கிழமை அமைப்பிலிருந்து ஆட்கள் வந்து அந்தக் குழாய்த் தண்ணீரை பாட்டிலில் பிடித்து ஒரு ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டு போனார்கள். முடிவு வர நான்கு நாள். அந்த நான்கு நாளும் நான் எழுதிய வரி ஒன்றுகூட உருப்படியாக இல்லை. ஒன்றரைக்குக் கீழே இருந்துவிட்டால் போதும் என்று எல்லாச் சாமியையும் வேண்டிக்கொண்டேன். அப்படி வந்திருந்தாலும் என் தப்பு தப்புதான், ஆனால் யாருக்கும் வலிக்காத தப்பாக இருந்திருக்கும். வெள்ளிக்கிழமை தாள் வந்தது. இரண்டுக்கு மேல் இருந்தது. பெத்தவங்களுக்கு நீயே வந்து சொல்லு என்று செல்வி அக்கா போனை வைத்துவிட்டார்.

அவர்கள் ஷிப்ட் முடிந்து குழந்தைகளைக் கூட்டிப்போக வருகிற ஆறு மணிக்குப் போனேன். மஞ்சுளாவும் வந்தாள், நான் தமிழில் சொல்லச் சொல்ல அவள் கன்னடத்தில் சொன்னாள். பல் டாக்டர் ஒருவரைக் கேட்டுத் தயாராகத்தான் போயிருந்தேன். மூன்று மாதத்தில் பல்லில் கோடு விழுந்துவிடாது. பால் பல்லுக்குக் கீழே நிரந்தரப் பல் உருவாகிற வயசு இது. வருஷக்கணக்கில் குடிப்பதுதான் ஆபத்து. இதைச் சொன்னால் அவர்களுக்குக் கொஞ்சம் தெம்பாக இருக்கும் என்று நினைத்தேன். வருஷக்கணக்கில் என்ற வார்த்தையைச் சொல்லும்போதே சில பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கழுத்தில் கார்மென்ட்ஸ் அடையாள அட்டையோடு நின்ற ஒரு அம்மா முன்னால் வந்தார். அன்றைக்கு டம்ளரைத் தர மாட்டேன் என்று அழுத குழந்தை அவருடையது. அவர்கள் எல்லோருக்கும் வீடு அதே தெருவில்தான் என்பது எனக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது. காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரைக்குமாவது அந்தக் குழந்தைகள் நல்ல தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அதைத்தான் என் பச்சை நிறுத்தியிருக்கிறது. அந்த அம்மா குரலை உயர்த்தவே இல்லை. "வீட்லயும் இந்தக் கொழா தண்ணிதான் மேடம், இவ பொறந்ததுலேர்ந்து. பகல்லயாவது இங்க கேன் தண்ணி குடிச்சா. அது போவட்டும், நீங்க எந்தத் தண்ணி குடிக்கிறீங்க?"

மூன்றாவது நிறம்

எங்கள் ஆபீஸில் சுத்திகரிப்பு மெஷின் இருக்கிறது, நான் தங்கியிருக்கும் பிஜி விடுதியிலும் இருக்கிறது. இதை அவரிடம் எப்படிச் சொல்வது?

திங்கட்கிழமை முதல் வேலையாக எல்லா போர்களுக்கும் புதுத் தாள் செய்தேன். அளவுக்கு மீறியது சிவப்பு, சோதித்து நல்லது என்று தெரிந்தது பச்சை, சோதிக்காதது சாம்பல். மூன்றில் சாம்பல்தான் அதிகம். கூடவே ஒரு மெயில் எழுதினேன். முன்பு நாங்கள் கொடுத்த தாள் தவறு, அதை எங்கெல்லாம் ஒட்டியிருக்கிறீர்களோ அங்கெல்லாம் கிழித்துவிட்டு இதை ஒட்டுங்கள் என்று. பாஸ்கர் சாருக்குக் காட்டாமல் அனுப்பிவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. காட்டினேன். இரண்டு முறை படித்தார். தவறு என்ற வார்த்தையை எடுக்கச் சொல்வார், வேலையே போனாலும் எடுக்க மாட்டேன் என்று சொல்ல வாய் வரை வைத்திருந்தேன். அவர் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, என் பெயருக்குக் கீழே தன் பெயரையும் அடித்தார். "அனுப்பு. இனிமே யாரு என்ன கேட்டாலும், காலியா எத்தன இருக்குன்னு எண்ணிட்டு அப்புறம் எழுதும்மா."

இப்போது செல்வி அக்கா மறுபடியும் கேனுக்கு மாறிவிட்டார். அவர் தூக்குவதில்லை, காலையில் குழந்தையை விட வரும் அப்பாக்கள் முறை வைத்து மாடியேற்றிவிட்டுப் போகிறார்கள். அமைப்பு ஒவ்வொரு சாம்பல் தெருவாக பாட்டிலோடு போய்க்கொண்டிருக்கிறது. வீடுகளில் என்ன குடிக்கிறார்கள் என்று நான் விசாரித்தேன். பாதிப் பேர் கேன் வாங்குகிறார்கள், மீதிப் பேர் அதே குழாய்தான். பொதுத் தளத்தின் அட்டவணையில் அந்த போருக்கு எதிரே கட்டம் இன்னும் காலியாகவே இருக்கிறது, அமைப்பு பிடித்த பாட்டில் அரசாங்கக் கணக்கில் சேராது. வாரம் ஒருமுறை போர் எண்ணை மட்டும் கொடுத்து, வேறு ஃபில்டர் இல்லாமல் அந்த ஒரு வரியைக் கேட்டுப் பார்க்கிறேன். எல்லாம் ஓகே என்றுதான் பதில் வருகிறது.

ஃபில்டர் போடக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு வாரம் போதுமாக இருந்தது. ஃபில்டரில் எதைத் தொலைத்தேன் என்று கேட்கக் கற்றுக்கொள்ளத்தான், இருபது குழந்தைகள் எனக்காக மூன்று மாதம் அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டியதாகிவிட்டது.